பனையோலை முதல் ஆறு அங்குலம் வரை: தமிழ் எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஆறு அங்குலம் வாங்கலாமா, ஏழு அங்குலம் வாங்கலாமா, இல்லை காசு போனால் போகிறது என்று பத்து அங்குலமே வாங்கிவிடலாமா? மின்நூல் படிக்கும் கருவி வாங்க ஆசைப்படுகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. இணையத்தில் தேடினால் ஆங்கிலத்தில் ஆயிரம் பதில்கள் வந்து விழுகின்றன. ஆனால் அத்தனை பதில்களும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. 'ண' என்று ஓர் எழுத்து இருக்கிறது, அதற்கு மூன்று சுழி, ஒரு சுழி மங்கினால் அது 'ன' ஆகிவிடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

தமிழில் படிக்கிறவர்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. தமிழ் எழுத்து கண்ணை உறுத்தாமல் உட்கார எவ்வளவு இடம் வேண்டும்? இந்தக் கேள்வி கிண்டிலோடு பிறந்ததில்லை நண்பர்களே. முந்நூறு வருடத்துக்கு முன்னால் தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் வைத்தவர்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் ஓலையில் எழுதியவர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நான் படிப்பது பி.காம். வரலாறு எனக்குப் பாடமில்லை. ஆனால் இந்த வரலாறு கடைசியில் இடத்துக்கும் விலைக்கும் உள்ள கணக்காகத்தான் இருக்கிறது, அதனால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் ஓலை. எங்கள் இளையரசனேந்தல் பக்கம் கரிசல்காடும் அங்கங்கே பனையும்தான். பனையோலையை வேகவைத்து, காயவைத்து, நறுக்கித்தான் ஏடு செய்தார்கள். ஏட்டின் நீளத்தை எழுதுகிறவர் தீர்மானிக்கலாம். அகலத்தைத் தீர்மானித்தது பனைமரம்! மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் குறுகிய பட்டையில் ஐந்து, ஆறு, சில சமயம் அதற்கும் மேல் வரிகளை எழுத்தாணியால் கீற வேண்டும். இடத்தை மிச்சம் பிடிக்க என்னென்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்தார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை (வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்ற பயமும் உண்டு). எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது, காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் தெரியாது. படிக்கிறவர் பாட்டை முன்பே ஓரளவு அறிந்தவராக இருந்தால்தான் பிழைப்பார். எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்துவைத்த பெருமையை வீரமாமுனிவருக்குத் (1680-1747) தருவது வழக்கம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மை பூசுவது. எழுத்தாணியால் கீறியதும் ஓலையில் இருப்பது வெறும் கீறல்தான். ஓலையும் வெளிர் நிறம், கீறலும் வெளிர் நிறம். படிக்கவே முடியாது. அதனால் கரியோடு இலைச்சாறு, மஞ்சள், வசம்பு என்று சேர்த்துப் பூசித் துடைப்பார்கள். கரி கீறலுக்குள் தங்கிவிடும், மேலே பூசியது துணியோடு போய்விடும். எழுத்து கறுப்பாகப் பளிச்சென்று எழும்பும். பூச்சிக்கும் அது மருந்து. இன்றைக்குத் திரையின் தரம் பற்றிப் பேசும்போது 'கான்ட்ராஸ்ட்' என்கிறோமே, அதை நம் ஆட்கள் கரியும் இலைச்சாறும் கொண்டு கூட்டியிருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடி எடுத்த சுவடிகளில் இந்த மை மங்கிப்போனவை, செல் அரித்தவை எத்தனை! அதையெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்துத்தான் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவந்தார்.

இனி அச்சு. 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் அச்சானது, இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அதுதான் என்பதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானது தரங்கம்பாடி.

சீகன்பால்கு 1706ல் அங்கே வந்து இறங்கினார். 1713ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் கப்பலில் வந்து சேர்ந்தன. எழுத்து நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்பப் பெரிசு. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் கோத்தால் காகிதம் எங்கே போவது? காகிதம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். அதனால் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு ஈயம் வேண்டுமே? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். அந்தச் சின்ன எழுத்தில்தான் புதிய ஏற்பாடு முழுதும் 1715ல் முடிந்தது. பக்கத்திலேயே பொறையாறில் காகித ஆலை ஒன்றையும் தொடங்கிப் பார்த்தார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். எழுத்து பெரிசானால் கண்ணுக்கு சுகம், காகிதத்துக்குச் செலவு. எழுத்து சிறிசானால் காகிதம் மிச்சம், கண்ணுக்குச் செலவு. தமிழ் அச்சின் கதை முழுக்க இந்தத் தராசுதான் மேலும் கீழும் ஆடுகிறது. அடுத்த நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர்.ஹன்ட் என்பவர் சின்னதாகவும் தெளிவாகவும் இருக்கிற தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 67 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட வின்ஸ்லோ அகராதி 1862ல் ஒரே புத்தகமாக அவர் அச்சில் வர முடிந்ததற்கு அந்த எழுத்தும் ஒரு காரணம். ஆறுமுக நாவலர் (1822-1879) நிறுத்தக்குறிகளைப் போட்டு உரைநடையை மூச்சுவிட்டுப் படிக்கும்படி செய்ததும் இதே காலம்தான்.

எழுத்தைச் சின்னதாக்குவதே முன்னேற்றம் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தபோது எதிர்த்திசையில் ஒரு கூட்டம் போனது. அதுதான் பெரிய எழுத்துப் புத்தகங்கள். 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' என்று அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சென்னையில் இரத்தின நாயக்கர் அண்ட் ஸன்ஸ், ஆர்.ஜி.பதி கம்பெனி போன்றவர்கள் போட்டு, திருவிழாக் கடைகளிலும் சந்தைகளிலும் விற்றார்கள். காகிதம் மட்டம், கட்டுமானம் மட்டம், எழுத்து மட்டும் தாராளம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள், கண் மங்கிய கிழவர்கள், விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேருக்கு வாசித்துக் காட்டுகிறவர்கள் இவர்களுக்காக. பண்டிதர்கள் இந்தப் புத்தகங்களை மதித்ததே இல்லை. ஆனால் எழுத்தின் அளவையே புத்தகத்தின் பெயரில் சேர்த்து விற்ற ஆட்கள் வேறெங்காவது உண்டா? வணிகம் படிக்கிறவன் என்ற முறையில் இவர்களுக்கு ஒரு சல்யூட் :-)

எட்டயபுரம் எங்களுக்குப் பக்கம் என்பதால் பாரதியை இழுக்காமல் இருக்க முடியவில்லை. 1920ல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி போடத் திட்டமிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலச் சாதாரணமாக அவை வீட்டுக்கு வீடு போகும் என்று நம்பினார். நான்கு லட்சம் பிரதி! நடக்கவில்லை. அவர் எதிர்பார்த்த மாதிரி ஊரெல்லாம் போன மலிவு அச்சு அவர் காலத்துக்குப் பிறகுதான் வந்தது. 1950களின் பிற்பகுதியில் மர்ரே எஸ்.ராஜம் சங்க இலக்கியத்தையும் மற்றப் பழைய நூல்களையும் சந்தி பிரித்து மலிவு விலையில் போட்டார். சந்தி பிரிப்பது இலக்கண விஷயமாகத் தெரியலாம், எனக்கு அது கண்ணுக்குச் செய்த உதவியாகத்தான் தெரிகிறது. நீளமான சொல் துண்டானதும் கண் தங்கி மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பிறகு 1969ல் ராணிமுத்து, அப்புறம் மாலைமதி, பாக்கெட் நாவல். கையில் அடங்கும் அளவு, சாணித்தாள் மாதிரி சாம்பல் நிறக் காகிதம். பஸ்சிலும் ரயிலிலும் ஒரு தலைமுறையே அதைப் படித்தது. இந்தச் சாம்பல் நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

சரி, திரைக்கு வருவோம்.

1998 பொங்கல் அன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு.கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார்கள். உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அப்போது படிக்கும் திரை என்றால் பிரவுசிங் சென்டரில் இருந்த பெட்டி மானிட்டர்தான். 15 அங்குலம் என்பார்கள், கண்ணுக்குத் தெரிவது சுமார் 14. அதில் 800க்கு 600 பிக்சல் என்று அமைத்திருந்தால் ஒரு அங்குலத்துக்கு எழுபது பிக்சல்தான் வரும். அந்தத் திரையில் கலித்தொகை படித்தவர்கள் நிஜமாகவே பெரியவர்கள்.

இப்போது ஒரு வேடிக்கை. 2007 நவம்பரில் அமெரிக்காவில் வந்த முதல் கிண்டிலின் திரையும் அதே 600க்கு 800 பிக்சல்தான்! ஆனால் அவ்வளவு பிக்சலும் 6 அங்குலத்துக்குள் அடங்கியதால் ஒரு அங்குலத்துக்கு 167 ஆகிவிட்டது. 6 அங்குலம் என்ற அளவும் கிண்டில் கண்டுபிடித்ததில்லை. 2004ல் ஜப்பானில் சோனி கொண்டுவந்த 'லிப்ரியே'யும் 6 அங்குலம்தான். அன்று தொடங்கியது, வெகுகாலம் அதுவே வழக்கமாக நின்றுவிட்டது. ஏட்டின் அகலத்தைப் பனைமரம் தீர்மானித்த மாதிரி, நம் பக்கத்தின் அளவைத் தொழிற்சாலைத் தகடு தீர்மானித்தது.

இந்தத் திரை வேலை செய்கிற விதம் அழகானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் ஜேக்கப்சனும் அவருடைய மாணவர்களும் செய்த ஆராய்ச்சியிலிருந்து 1997ல் 'இ இங்க்' நிறுவனம் பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன உருண்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் திரவத்தில் மிதக்கும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். வெள்ளைக்கு ஒரு மின்னூட்டம், கறுப்புக்கு எதிர் மின்னூட்டம். மின்சாரம் ஒரு பக்கம் இழுத்தால் கறுப்பு மேலே வரும், மறுபக்கம் இழுத்தால் வெள்ளை மேலே வரும். மேலே வந்தது அப்படியே நின்றுவிடும், மறுபடி மாற்றும்வரை மின்சாரம் தேவையில்லை. செல்போன் திரை மாதிரி உள்ளேயிருந்து ஒளியைக் கண்ணில் அடிக்காது, வெளியில் இருக்கிற வெளிச்சத்தைக் காகிதம் மாதிரி திருப்பி அனுப்பும். அதனால் சித்திரை வெயிலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தும் படிக்கலாம். ஓலையில் பூசித் துடைத்த கரியை நினைத்துக்கொள்ளுங்கள், வேலை ஒன்றுதான்: கறுப்பு தங்க வேண்டிய இடத்தில் தங்க வேண்டும்.

ஆனால் வெள்ளை அவ்வளவு வெள்ளை இல்லை. ஆரம்பத் திரைகளின் பின்புலம் சாம்பல் நிறம். பாக்கெட் நாவல் காகிதத்தின் அதே சாம்பல்! அதைப் படித்துப் பழகின நமக்கு அது பெரிய குறையாக இருந்திருக்காது. முதல் கிண்டிலில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மொத்தம் 4 படிகள்தான். 2009ல் அது 16 ஆனது. வளைந்து வளைந்து போகிற தமிழ் எழுத்துக்கு இது முக்கியம், ஏனென்றால் வளைவின் ஓரத்தைப் படிக்கட்டு மாதிரி காட்டாமல் வழவழப்பாகக் காட்டுவது இந்தச் சாம்பல் படிகள்தான். 2012ல் முன்பக்க விளக்கு வந்தது. அந்த வருடம் தமிழ்நாட்டில் கரண்டு போன கதை எல்லோருக்கும் நினைவிருக்கும், சார்ஜர் லைட்டில் வீட்டுப்பாடம் எழுதிய தலைமுறை நாங்கள்.

எல்லாம் சரி, இந்தக் கருவியில் தமிழ் தெரிந்ததா? ஆரம்பத்தில் ஒழுங்காகத் தெரியவில்லை. தமிழ் 1991லேயே யூனிகோடில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் யூனிகோடில் எழுத்து இருந்தால் மட்டும் போதாது. 'கொ' என்று காட்ட வேண்டுமானால் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும் என்று கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத கருவியில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறிக் கிடக்கும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2013ல் தன்னார்வலர்கள் சேர்ந்து 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, எழுத்தாளர்களிடம் அனுமதி வாங்கி, படைப்பாக்கப் பொதும உரிமத்தில் இலவச மின்நூல்கள் வெளியிட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் பல வடிவங்களில் கொடுத்தார்கள்: இபப், மொபி, ஏ4 பிடிஎஃப், அதோடு 6 அங்குல பிடிஎஃப். இந்தக் கடைசி வடிவத்தை உலகத்தில் வேறு யாராவது இவ்வளவு அக்கறையாகச் செய்திருப்பார்களா என்று தெரியவில்லை. பிடிஎஃப்பில் எழுத்துரு உள்ளேயே இருக்கும், ஒவ்வொரு எழுத்தும் எங்கே நிற்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். கருவிக்குத் தமிழ் தெரிய வேண்டியதே இல்லை. பக்கத்தை 6 அங்குலத் திரைக்கு ஏற்ற அளவில் வெட்டிவிட்டால் கொம்பும் காலும் சிதறாமல் அப்படியே படிக்கலாம். தரங்கம்பாடியில் பெரிய எழுத்தை விட்டுச் சின்ன எழுத்து வார்த்தார்கள், இவர்கள் பெரிய பக்கத்தை வெட்டிச் சின்னப் பக்கம் செய்தார்கள்.

ஏன் வெட்ட வேண்டும், ஏ4 பக்கத்தை அப்படியே போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 6 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. உண்மையில் அகலம் 9.1 சென்டிமீட்டர், உயரம் 12.2. ஏ4 தாளின் உயரம் 29.7. முழுப் பக்கத்தையும் அந்தத் திரைக்குள் அடைத்தால் எல்லாம் நூற்றுக்கு 41 ஆகச் சுருங்கும். 12 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்டுக்கும் கீழே போய்விடும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 167 பிக்சல் திரையில் அந்த எழுத்தின் முழு உயரத்துக்கே கிடைப்பது 11 பிக்சல். குறுக்கே ஐந்தாறு கோடுகள் ஓடுகிற 'ண' அதில் எப்படிப் பிழைக்கும்? 'மணம்' எது, 'மனம்' எது என்று ஊகித்துத்தான் படிக்க வேண்டும். ஓலைக்காலத்துக்கே திரும்பின மாதிரி!

6 அங்குல பிடிஎஃப்புக்கும் ஒரு குறை உண்டு. எழுத்தைப் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். செய்தவர் எந்த அளவில் கொடுத்தாரோ அதுதான். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் புத்தகங்களை விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் கடையில் வாங்கும் தமிழ்ப் புத்தகத்தில் எழுத்தை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைப்பது எல்லோருக்கும் சாத்தியமானது. பிக்சலும் இதற்கிடையே கூடிக்கொண்டே வந்தது. 2012ல் பேப்பர்வைட் 212, 2014ல் வாயேஜ் 300, 2015ல் பேப்பர்வைட்டும் 300. விலை குறைந்த சாதாரணக் கிண்டில் மட்டும் 167லேயே நின்று 2022ல்தான் 300ஐத் தொட்டது. மலிவான கருவி வாங்குகிறவர்கள்தான் எட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எழுத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்த புத்தகமாக இருந்தால், என் கண்ணுக்கு 6 அங்குலம் போதும், பிக்சல் மட்டும் 300 இருக்க வேண்டும். 10 பாயிண்டில் ஒரு 'ண'வுக்கு 42 பிக்சல் உயரம் கிடைக்கிறது, சுழி மூன்றும் தனித்தனியாக நிற்கும். 10 அங்குலம் இருந்து பிக்சல் குறைந்தால் அதில் எனக்கு லாபமில்லை. 2009ல் வந்த கிண்டில் டிஎக்ஸ் 9.7 அங்குலம், ஆனால் பிக்சல் 150தான்.

ஆனால் என் கண்ணுக்குப் போதும் என்பது எல்லோர் கண்ணுக்கும் போதும் என்று ஆகாது. நண்பன் ஒருவனின் 6 அங்குலக் கருவியை ஒரு வாரம் இரவல் வாங்கி வந்திருந்தபோது தாத்தாவிடம் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷன் ஆனவர், அந்தக் காலத்தில் பெரிய எழுத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுவதில் ஊரில் பெயர் எடுத்தவர். "ஏய்யா, இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ணு" என்றார். பண்ணினேன். "இன்னுங் கொஞ்சம்." பண்ணினேன். கடைசியில் எழுத்து அவருக்குத் தோதாக வந்துவிட்டது, ஆனால் முகம் மாறிவிட்டது. "இது என்னய்யா, ஒரு வார்த்தைக்கு ஒரு வரியா? வாசிச்சு முடிக்கதுக்குள்ள வெள்ளி முளைச்சிரும் போலிருக்கே!"

அவர் சொன்னது கணக்கிலும் சரியாக வருகிறது. 10 பாயிண்டில் அந்தத் திரையின் ஒரு வரியில் சுமார் 25 எழுத்து நிற்கிறது, நான் எண்ணிப் பார்த்தேன். 18 பாயிண்டுக்குப் போனால் 14தான் நிற்கும். 'பார்த்துக்கொண்டிருந்தார்கள்' என்ற ஒரே ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்து? சரியாக 14! ஆங்கிலத்தில் இதையே நான்கைந்து சின்னச் சொற்களாக உடைத்துச் சொல்வார்கள், எங்கே வேண்டுமானாலும் வரியை மடக்கலாம். தமிழ் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. வரி கொள்ளாத சொல்லைக் கருவி அடுத்த வரிக்குத் தள்ளும், இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டுமென்று மிச்சச் சொற்களை இழுத்துப் பரப்பும். பக்கம் முழுக்கக் கோடைக் கரிசல் மாதிரி வெடிப்பு விழுந்து கிடக்கும். பழைய அச்சுக்கோப்பவர்கள் இதற்குக் கவலையே பட்டதில்லை. வரி முடிகிற இடத்தில் எந்த எழுத்து வந்தாலும் அங்கேயே சொல்லை ஒடித்து அடுத்த வரியில் தொடர்ந்துவிடுவார்கள், நாமும் தடங்கல் இல்லாமல் படித்தோம். ஆக, கண் மங்கியவர்களுக்குத் தமிழில் திரையின் அளவுதான் முதல் கேள்வி. ஏழு, முடிந்தால் பத்து. இடது வலது ஓரங்களை நேராக்கும் வசதியை அணைத்து வைத்தால் வெடிப்பாவது குறையும்.

அளவு அவசியப்படுகிற இன்னொரு இடம் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் குவிந்து கிடக்கிறதே, அந்தப் பக்கங்கள். அவை படங்கள், எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது. நம் புத்தகங்களில் அதிகம் பார்க்கிற டெம்மி அளவு 14க்கு 21.6 சென்டிமீட்டர். 6 அங்குலத் திரையில் முழுப் பக்கமாக வைத்தால் 12 பாயிண்ட் எழுத்து 7க்கும் கீழே போகும். 7 அங்குலத் திரையில் 8 பாயிண்டை ஒட்டி நிற்கும். 2022ல் வந்த கிண்டில் ஸ்கிரைப் போல 10.2 அங்குலம் என்றால் பதினொன்றரை பாயிண்ட், கிட்டத்தட்ட அசல் புத்தகம் மாதிரியே. ஆனால் அதன் விலையில் எங்கள் கல்லூரியில் ஒரு வருடப் பீஸ் கட்டிவிடலாம். பணம் இல்லாதவர்களுக்கு நான் சொல்கிற வழி, 6 அங்குலக் கருவியைப் படுக்க வைத்துப் படிப்பது. பக்கத்தின் அகலம் திரையின் நீளப் பக்கத்தில் பொருந்தும், எழுத்து 10 பாயிண்டைத் தாண்டும். ஒரு பக்கத்தை இரண்டு துண்டாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் இன்னும் வசதி.

வண்ணத் திரை வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. 2022ல் வந்த கேலைடோ 3 திரை கறுப்பு வெள்ளையில் 300 பிக்சல் காட்டும், வண்ணத்தில் 150தான் காட்டும். வண்ணத்துக்காக மேலே ஒரு வடிகட்டி இருப்பதால் பின்புலமும் இன்னும் கொஞ்சம் இருட்டாகும். பாலமித்ரா மாதிரி படப் புத்தகம் படிக்க ஆசை என்றால் வாங்கலாம், நாவலுக்குத் தேவையில்லை.

பழைய புத்தகங்களைப் பக்க அளவிலிருந்து விடுவிக்க வேறொரு வழியும் இருக்கிறது. திரையைப் பெரிதாக்காமல் படத்தை எழுத்தாக மாற்றுவது. மதுரைத் திட்டம் கையால் தட்டச்சு செய்து செய்தது இதைத்தான். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களின் ஸ்கேன் பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கணினி 'ண'வையும் 'ன'வையும் குழப்பும், காலை 'ர' என்று படிக்கும், அதாவது ஓலை படித்தவர்கள் தடுமாறிய அதே இடங்களில் தடுமாறும். மனிதர்கள் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தியது மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தது பச்சை. பச்சையான புத்தகத்தை எந்தத் திரையிலும் எந்த அளவிலும் படிக்கலாம், தாத்தாவும் படிக்கலாம். கோவில்பட்டி பஸ்சில் உட்கார இடம் கிடைத்த நாளில் செல்போனிலேயே எனக்கு மூன்று பக்கம் முடிகிறது. சிவப்பில் இன்னும் ஏராளமான பக்கங்கள் கிடக்கின்றன.